அன்னாசித் தோலும் கோலக் கணக்கும்

கொல்லிமலையின் சோளக்காட்டுச் சந்தையில் பருவகாலத்தில் குவியும் பழங்களில் அன்னாசியும் பலாவும் முதன்மையானவை. அன்னாசித் தோலில் கண்கள் சாய்ந்த வரிசைகளாகச் சுற்றி ஏறுகின்றன. பலாத் தோலில் முட்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. வரிசை எளிதில் பிடிபடுவதில்லை. ஆனால் இரண்டும் செய்து முடித்திருப்பது ஒரே வேலை. ஒரே மாதிரியான சிறு உறுப்பைத் திரும்பத் திரும்ப வைத்து, இடைவெளி விடாமல் ஒரு பரப்பை நிரப்பியிருக்கின்றன. துணிக்கு அச்சு வடிவமைப்பவர், தரை ஓடு செய்பவர், கணினி விளையாட்டு உருவாக்குபவர், நிலவரைபடம் தயாரிப்பவர் எல்லோரும் இன்று இந்த வேலைக்கு மென்பொருளை நாடுகிறார்கள். அந்த மென்பொருள்களில் பெரும்பாலானவை ஒரு படத்தை வாங்கிக்கொண்டு அதைப் பிரதி எடுத்து அடுக்குகின்றன. படத்தைச் சேமித்து வைக்கும் கருவியைவிட, அந்தப் படம் எந்த விதியால் உண்டாகிறதோ அந்த விதியைச் சேமித்து வைக்கும் கருவியே மேலானது என்பது இந்தக் கட்டுரையின் வாதம். அந்த விதியும், நிரப்பவேண்டிய பரப்பு எப்படிப்பட்டது என்று கேட்டறிந்த பிறகே எழுதப்பட வேண்டும். இதற்கான சான்றுகள் தமிழ்நாட்டு வாசல் கோலத்தில் இருக்கின்றன. கொல்லிமலையின் இவ்விரு பழங்களின் தோலிலும் இருக்கின்றன.

பிரதி எடுப்பதற்குரிய மதிப்பை முதலில் கொடுத்துவிட வேண்டும். செட்டிநாட்டின் ஆத்தங்குடி ஓடுகளைப் பதித்த கூடத்தில், ஓர் ஓட்டின் வடிவம் அடுத்த ஓட்டோடு பொருந்தித் தரை முழுவதும் பரவுகிறது. தரை தட்டை, ஓடு சதுரம், எனவே பிரதியே போதும். கணிதமும் இதை உறுதி செய்கிறது. தட்டையான தளத்தில் இரண்டு திசைகளில் திரும்பத் திரும்ப வரும் வடிவங்களை, நகர்த்தல், சுழற்றல், கண்ணாடிப் பிம்பம், பிம்பத்தோடு கூடிய நகர்வு ஆகியவற்றின் சேர்க்கைகளாகப் பிரித்தால் மொத்தம் 17 வகைதான் தேறும். ரஷ்யப் படிக இயலாளர் ஃபெடோரோவ் 1891இல் இதை நிறுவினார். 1924இல் ஜார்ஜ் போல்யா தனியாக இதே முடிவுக்கு வந்தார். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில், ஒரு சிறு வடிவத்தை வரைந்துவிட்டு இந்த 17 வகைகளில் எதையும் தேர்ந்தெடுத்துத் தளத்தை நிரப்பலாம். இதற்குமேல் என்ன வேண்டும் என்று ஒருவர் கேட்பது நியாயம். முடிவில்லாமல் விரியும் தட்டையான தளத்துக்கு இது முழுமையான விடைதான். வாசலோ முடிவில்லாதது அல்ல. பழமோ தட்டையானது அல்ல. பிரதி எடுக்கும் கருவி தடுமாறும் இடங்கள் இவ்விரண்டும்.

வாசலில் தொடங்கலாம். தமிழ் வார இதழ்கள் மார்கழியில் வெளியிடும் கோலங்களின் கீழே ‘15 புள்ளி, இடுக்குப் புள்ளி, 8இல் நிறுத்தவும்’ என்ற பாணியில் ஒரு குறிப்பு இருக்கும். நடுவரிசையில் 15 புள்ளி. அதற்கு மேலும் கீழும் இரண்டு புள்ளிகளின் இடுக்கில் ஒன்று என வரிசைக்கு ஒரு புள்ளி குறைந்து, எட்டில் நிற்கும். விளைவது 15 வரிசைகளில் 169 புள்ளிகள் கொண்ட அறுகோணம். 169 புள்ளிகளின் இருப்பிடத்தையும் யாரும் எழுதி அனுப்புவதில்லை. ஒரு வரி விதி போதும். சிக்குக் கோலத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். புள்ளிகள் நேர்நேராக நிற்கும் நேர்ப்புள்ளிக் கட்டத்தில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டை எடுத்துக்கொண்டால், அவற்றின் நடுவே இழைகள் ஒன்றையொன்று வெட்டிக் கடக்கலாம். அல்லது கடக்காமல் தத்தம் புள்ளியின் பக்கமே திரும்பிவிடலாம். ஒவ்வொரு புள்ளியையும் சதுர ஓடாகக் கருதினால், அதன் நான்கு பக்கமும் திறந்தோ மூடியோ இருக்கும். ஆகவே 16 ஓடுகள். திருப்பிப் பார்த்தால் ஒன்றாகிவிடுபவற்றைச் சேர்த்துவிட்டால் ஆறே வடிவங்கள். நான்கும் மூடினால் வட்டம், ஒன்று திறந்தால் துளி, எதிரெதிர்ப் பக்கங்கள் திறந்தால் கண், நான்கும் திறந்தால் சாய்சதுரம், இப்படி. இவ்வகைச் சிக்குக் கோலம் முழுவதும் இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். 3×3 புள்ளிக் கட்டத்தில் பக்கத்துப் புள்ளி இணைகள் 12. இணைக்கு இரண்டு வாய்ப்பு என்பதால் 4,096 கோலங்கள். 5×5 கட்டத்தில் இணைகள் 40. கோலங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 1.1 லட்சம் கோடி. அத்தனை படங்களை எந்தப் படத்தொகுப்பும் சேமிக்காது. ஆறு வடிவங்களும் ஒரு பொருத்த விதியும் சேமித்துவிடும்.

பிரதிக்கும் விதிக்கும் உள்ள வேறுபாடு ஒற்றை இழைக் கோலத்தில் கூர்மையாக வெளிப்படுகிறது. எல்லா இணைகளிலும் இழைகள் வெட்டிக் கடக்கும்படி ஒரு செவ்வகக் கட்டத்தைப் போட்டால், எத்தனை தனித்தனி இழைகள் வரும்? நீள அகலப் புள்ளி எண்ணிக்கைகளின் மீப்பெரு பொதுக் காரணி எவ்வளவோ அத்தனை. 3×5 கட்டம் ஒரே இழையில் முடியும். 4×6 கட்டத்துக்கு இரண்டு இழை வேண்டும். 4×4 கட்டத்துக்கு நான்கு. 3×5 கோலத்தில் ஒரு வரிசையை மட்டும் கூட்டி 3×6 ஆக்கினால் ஒற்றை இழை மூன்றாகச் சிதறிவிடும். ஒவ்வோர் ஓடும் அண்டை ஓட்டோடு சரியாகவே பொருந்தியிருக்கிறது. ஆனாலும் முழுக்கோலத்தின் குணம் மாறிப்போனது. பிரதி எடுக்கும் கருவிக்கு இது தெரியவே தெரியாது. விதியை வைத்திருக்கும் கருவியோ இழையைப் பின்தொடர்ந்து பார்த்து, எத்தனை இழைகள் என்று எண்ணிவிடும், சரிசெய்யவும் செய்யும். இரண்டு வெவ்வேறு இழைகள் வெட்டிக்கொள்ளும் ஓரிடத்தைத் தேடி அங்கே வெட்டை நீக்கித் திருப்பிவிட்டால், அவ்விரு இழைகளும் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓர் இழை குறையும். எனவே 4×4 கட்டத்தில் மூன்று திருத்தங்கள் போதும், கோலம் ஒற்றை இழையாகிவிடும். எந்தச் செவ்வகக் கட்டத்திலும் இந்த வழி தோற்காது.

இந்தச் சிந்தனை தமிழ் மண்ணில் கணினி அறிவியலாக வளர்ந்த வரலாறு பரவலாக அறியப்பட வேண்டியது. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, 1970களின் தொடக்கத்தில் படங்களுக்கான இலக்கணங்களை உருவாக்கினார்கள். மொழியில் சொற்கள் விதிப்படி வாக்கியமாவதைப்போல, படத்தில் சிறு குறிகள் விதிப்படி வரிசையும் நிரலுமாக வளரும் என்பது அதன் அடிப்படை. முதலில் கிடையாக ஒரு வரிசை பிறக்கும். பிறகு அந்த வரிசையின் ஒவ்வொரு குறியிலிருந்தும் செங்குத்தாக ஒரு நிரல், எல்லாம் ஒரே வேகத்தில், கீழே இறங்கும். 1974இல் இம்மூவரும் இந்த அணி இலக்கணங்களைக் கோலங்களுக்குப் பொருத்திக் காட்டிய கட்டுரை, கணினி வரைகலைக்கான பன்னாட்டு ஆய்விதழில் வெளிவந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1968இல், உயிரியலாளர் அரிஸ்டிட் லிண்டன்மேயர் செடிகளின் உயிரணுக்கள் கிளைத்து வளர்வதை விவரிக்க வேறொரு விதிமுறையை அமைத்திருந்தார். ஒவ்வொரு குறியும் ஒவ்வொரு படியிலும் விதிப்படி வேறு குறிகளாக மாறும். எல்லாக் குறிகளும் ஒரே நேரத்தில் மாறும். அதைக் கணினி வரைகலையில் பரவலாக்கிய புருசிங்கீவிச், கிஃப்ட் சிரோமணியின் நினைவாக 1989இல் வெளிவந்த தொகுப்பில், கமலா கிருத்திவாசன், விஜயநாராயணா ஆகியோரோடு சேர்ந்து அதே விதிமுறையால் கோலங்களையும் கர்நாடக இசையின் அமைப்புகளையும் உருவாக்கிக் காட்டினார். செடி வளர்ச்சிக்கு எழுதிய விதிமுறை கோலத்துக்கும் பொருந்தியது. இரண்டிலும் முழு உருவம் முன்கூட்டியே எங்கும் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை என்பதே இதற்குக் காரணம்.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். விதி கொடுத்தால் பரப்பு நிரம்பும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? 1961இல் ஹாவ் வாங் இந்தக் கேள்வியை நேரடியாகக் கேட்டார். பக்கங்களில் நிறம் பூசிய சதுர ஓடுகள் சில வகைகள் இருக்கின்றன; திருப்பக் கூடாது; நிறம் நிறத்தோடு சேர வேண்டும்; இவற்றால் முடிவில்லாத தளத்தை நிரப்ப முடியுமா? எந்த ஓட்டுத் தொகுதியைக் கொடுத்தாலும் சரியான விடை சொல்லும் ஒரு பொதுவான கணிப்பு முறை இருக்கவே முடியாது என்று அவருடைய மாணவர் ராபர்ட் பெர்கர் 1966இல் நிறுவினார். நிரப்பும், ஆனால் ஒருபோதும் ஒரே ஒழுங்கில் திரும்ப வராது என்ற வகையைச் சேர்ந்த 20,426 ஓடுகள் கொண்ட தொகுதி ஒன்றையும் அவர் அமைத்தார். 2015இல் ஜாந்தெல், ராவ் இருவரும் அந்த எண்ணிக்கையை 11 ஆகக் குறைத்தார்கள். நடைமுறைக் கருவிகளிலும் இதன் சாயல் உண்டு. 2016இல் மக்சிம் குமின் வெளியிட்ட, விளையாட்டு உலகங்களை நிரப்பப் பலரும் பயன்படுத்தும் ஒரு நிரல், கட்டம் கட்டமாக ஓடுகளைத் தேர்ந்துகொண்டே போய், சில நேரம் எந்த ஓடும் பொருந்தாத முட்டுச்சந்தில் மாட்டிக்கொள்ளும். பிறகு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இந்த மறுப்பு உண்மையானது. ஆனால் வாதத்தை அது வீழ்த்தவில்லை. பெர்கரின் முடிவு முடிவில்லாத தளத்தையும் எல்லா ஓட்டுத் தொகுதிகளையும் பற்றியது. குறிப்பிட்ட ஒரு தொகுதியைப் பற்றி நாம் தெளிவாக அறியலாம். கோலத்தின் 16 ஓடுகளையே பாருங்கள். அவையும் வாங் கேட்ட வகை ஓடுகள்தான்: திறந்த பக்கம், மூடிய பக்கம் என்று இரண்டே நிறம். இந்தத் தொகுதியில் எல்லாச் சேர்க்கைகளும் இருக்கின்றன. இடப்பக்க ஓடும் மேல் ஓடும் எதைக் கேட்டாலும் அதற்குப் பொருந்தும் ஓடு கைவசம் உண்டு. விளிம்பு வந்தால் மூடிக்கொள்ளவும் ஓடு உண்டு. முட்டுச்சந்து என்பதே வராது. வாசல் எந்த அளவானாலும், நடுவே ஒரு தூண் நின்றாலும், கோலம் முடிந்தே தீரும். எல்லையுள்ள பரப்பில் பிற தொகுதிகளுக்கும் எல்லா வாய்ப்புகளையும் சோதித்து விடை காணலாம். கட்டங்கள் கூடக்கூட நேரம் மலைபோல் ஏறும் என்பதுதான் சிக்கல். எனவே கருவியை உருவாக்குபவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் தெளிவானது. எந்தச் சேர்க்கையிலும் தடைபடாத ஓட்டுத் தொகுதியைத் தேர்ந்தெடுப்பது வடிவமைப்பின் பாதி வேலை.

இனி தட்டையில்லாத பரப்புக்கு வருவோம். அன்னாசி உண்மையில் பல பழங்களின் கூட்டு. ஒவ்வொரு கண்ணும் ஒரு தனிப் பூவின் கனி; அவை நடுத்தண்டைச் சுற்றி நெருங்கி ஒன்றாகிவிடுகின்றன. கண்களின் அமைப்பு இடுக்குப் புள்ளிக் கட்டம். ஒவ்வொன்றும் அண்டையிலுள்ள ஆறைத் தொட்டு அறுகோணமாகிறது. ஆகவே அன்னாசித் தோல் என்பது இடுக்குப் புள்ளி வைத்த தாளை உருளையாகச் சுருட்டியதற்குச் சமம். உருளையை வெட்டி விரித்தால் தட்டைத் தாளாகிவிடும் என்பதால் இங்கே வளைவினால் சிக்கல் இல்லை. சுருட்டும்போது ஓரமும் ஓரமும் பொருந்த வேண்டும் என்ற ஒரு நிபந்தனைதான். அந்தப் பொருத்தத்தை எண்களில் சொல்லலாம். பழத்தைச் சுற்றி ஏறும் சாய்ந்த வரிசைகளை எண்ணினால், பெரும்பாலான அன்னாசிகளில் ஒரு திசையில் 8, எதிர்த்திசையில் 13, ஏறக்குறைய நிமிர்ந்து நிற்பவை 21 என்று வரும். சிறிய பழங்களில் 5, 8, 13 வரலாம். மூன்றாவது எண் முதல் இரண்டின் கூட்டுத்தொகையாக இருப்பதில் மாயம் எதுவும் இல்லை. இடுக்குப் புள்ளிக் கட்டத்தை எப்படிச் சுருட்டினாலும் அப்படித்தான் வரும்: ஒருவர் 7, 10 என்று தேர்ந்தெடுத்துச் சுருட்டினால் மூன்றாவது 17 ஆகும். குடுவைக்கோ குழாய்க்கோ வடிவம் பொருத்தும் மென்பொருள் பயனரிடம் கேட்க வேண்டியது இந்த இரண்டு எண்களை. படத்தைச் சுற்றி ஒட்டிவிட்டுத் தையல் தெரிகிறதே என்று மறைக்கும் வேலை அப்போது தேவைப்படாது.

அன்னாசி ஏன் 7, 10 என்று போகாமல் 8, 13 என்று போகிறது என்ற கேள்விக்கு விடை வளர்ச்சியில் இருக்கிறது. நுனியில் புதிதாக முளைக்கும் ஒவ்வொரு மொட்டும், ஏற்கெனவே இருப்பவை விட்டுவைத்த அகலமான இடத்தில் வந்து அமர்கிறது. அடுத்தடுத்த மொட்டுகளுக்கு இடையிலான கோணம் ஏறத்தாழ 137.5 பாகையில் நிலைபெறுகிறது. 8, 13, 21 என்ற ஃபிபொனாச்சி எண்கள் அதன் விளைவு. செடிக்குக் கணக்கு தெரியுமா, மென்பொருளோடு அதை ஒப்பிடலாமா என்று ஐயுறுவோருக்கு 1992இல் பாரிஸில் டுவாடி, கூடேர் என்ற இரு இயற்பியலாளர்கள் வெளியிட்ட சோதனை விடை சொல்கிறது. காந்தப் புலத்தில், எண்ணெய் நிரம்பிய தட்டின் நடுவே காந்தத் திரவத்தைத் துளித்துளியாக விட்டார்கள். துளிகள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு வெளிநோக்கி நகர்ந்தன. கோணத்தை வகுக்க, விலக்கும் விதி ஒன்றைத் தவிர வேறெந்த ஏற்பாடும் இல்லை. ஆனாலும் அதே கோணமும் அதே சுழல் வரிசைகளும் தோன்றின. உயிரே இல்லாத துளிகளுக்கும் போதுமானதாக இருக்கிறது அண்டை விதி. அதே ஆண்டில் ஃபௌலர், புருசிங்கீவிச், பாட்யஸ் ஆகியோர், ஒரு வளைகோட்டை அச்சைச் சுற்றிச் சுழற்றினால் உருவாகும் எந்தச் சுழற்சிப் பரப்பின் மீதும் உறுப்புகளை ஒன்றோடொன்று மோதாமல் அடுத்தடுத்து அமர்த்திக்கொண்டே போகும் மென்பொருள் முறையை முன்வைத்தார்கள். பரப்பு அகன்றாலும் குறுகினாலும் வரிசை எண்ணிக்கை தானே மாறிக்கொள்ளும். பிரதி எடுத்து ஒட்டும் முறையால் இது ஆகாது.

பலா இதைவிடக் கடினமான பாடம். அதன் தோல் எல்லாப் பக்கமும் வளைந்து மூடிக்கொள்ளும் பரப்பு. இப்படிப்பட்ட பரப்பைக் கசங்காமலும் நீட்டாமலும் தட்டையாக விரிக்க முடியாது என்று 1827இல் காஸ் நிறுவினார். இன்றைய முப்பரிமாண மென்பொருள்களில் ஒரு பந்தின் மீது தட்டைப் படத்தைப் போர்த்தினால் துருவங்களில் வடிவம் சுருங்கி நசுங்குவது இதனால்தான்; எவ்வளவு நுணுக்கமாகப் போர்த்தினாலும் தப்ப முடியாது. அறுகோணங்களை மட்டும் கொண்டு மூடிய பரப்பை நிரப்பவும் முடியாது. மூலைக்கு மூன்று எனச் சேரும் பலகோணங்களால் கோளம் போன்ற பரப்பை மூடினால், ஒவ்வொரு பலகோணமும் ஆறு பக்கத்துக்கு எத்தனை குறைவு அல்லது கூடுதல் என்று கணக்கிட்டுக் கூட்ட, நிகரக் குறைவு எப்போதும் 12 ஆகவே வரும் என்பது ஆய்லரின் சூத்திரம் தரும் முடிவு. ஐங்கோணங்களும் அறுகோணங்களும் கொண்ட கால்பந்தில் சரியாக 12 ஐங்கோணங்கள் இருப்பது இதனால். பலாத் தோலில் ஐந்து, ஆறு, ஏழு பக்க முள்ளடிகள் கலந்து நிற்கின்றன. காம்பு ஒட்டும் இடத்தையும் ஒரு முகமாகச் சேர்த்துக்கொண்டால், மூலைக்கு மூன்று சேரும் வரை, இந்தக் கணக்கிலிருந்து அதற்கும் விலக்கு இல்லை. ஒழுங்கற்றதாகத் தோன்றும் அந்தக் கலப்பு, வளைந்த பரப்பு கேட்கும் விலை. உபர் நிறுவனம் 2018இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட எச்3 என்ற நிலவரைபட மென்பொருள் இந்த உண்மையை நேராக ஏற்றுக்கொள்கிறது. அது புவிப் பரப்பை 16 நுணுக்க நிலைகளில் அறுகோணங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு நிலையிலும் சரியாக 12 ஐங்கோணங்கள் இருக்கும். தவிர்க்க முடியாத அந்தப் பன்னிரண்டையும் நீர்ப்பரப்பில் விழும்படி அமைத்திருக்கிறார்கள். கொல்லிமலையைத் தேடினால் அறுகோணம்தான் கிடைக்கும்.

விதியாக எழுதிவிட்டால் கோலம் போடும் கையின் கலை செத்துப்போகாதா என்பது கடைசி மறுப்பு. அக்கறையோடு கேட்கப்படும் கேள்வி இது. ஆனால் விதி என்ன செய்கிறது என்பதைத் தவறாகக் கருதுகிறது. 5×5 கட்டத்தின் 1.1 லட்சம் கோடிக் கோலங்களையும் விதி சமமாகவே பார்க்கும். அவற்றில் பெரும்பாலானவை கண்ணுக்கு இதமானவையாக இரா. எதில் சமச்சீர் இருக்கிறது, எதில் இழையின் ஓட்டம் அழகு, எது இந்த வாசலுக்குப் பொருந்தும் என்று தேர்வது மனித வேலை. கோலம் போடுகிறவர்கள் காலங்காலமாகச் செய்துவருவதும் இதையே: புள்ளி எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொண்டு, இழையை எங்கே கடக்கவிடுவது, எங்கே திருப்புவது என்று முடிவெடுக்கிறார்கள். விதியைச் சேமிக்கும் கருவி அந்த முடிவெடுக்கும் இடத்தை அவர்களிடமே விடுகிறது. படத்தைச் சேமிக்கும் கருவிதான் அதைப் பறிக்கிறது. அச்சிட்டு ஒட்டப்படும் ஒட்டுக்கோலத்தில் புள்ளியைக் கூட்டவோ இழையைத் திருப்பவோ யாருக்கும் வழியில்லை.

ஆகவே, பரப்பை நிரப்பும் நல்ல மென்பொருளுக்கு மூன்று கடமைகள் உண்டு. பரப்பு தட்டையா, உருளையா, மூடியதா, விளிம்பு எங்கே என்று அது முதலில் கேட்க வேண்டும். வடிவத்தைத் திருத்தக்கூடிய அண்டை விதிகளாக வைத்திருந்து, ஒற்றை இழை போன்ற முழுமைக்குரிய நிபந்தனைகளைத் தனியே சோதித்துச் சொல்ல வேண்டும். எங்கே ஒழுங்கு கணிதப்படி உடைந்தே தீருமோ, அங்கே அதை மறைக்காமல் எத்தனை இடங்களில், எங்கே என்று காட்டி, அவ்விடங்களைப் பயனரே தேர்ந்தெடுக்க விட வேண்டும். இவற்றைச் செய்யத் தேவையான கணிதம் எல்லாம் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. அதில் ஒரு பகுதி அரை நூற்றாண்டுக்கு முன்பு தாம்பரத்தில் எழுதப்பட்டது. மீப்பெரு பொதுக் காரணி நம் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. சிக்குக் கோலம் நம் வாசலில் இருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே வகுப்பில் சேர்த்து வைத்துச் சொல்லித்தந்தால், பிறர் செய்த வார்ப்புருக்களைத் தேர்ந்தெடுப்பவர்களாக அன்றி, விதிகளை எழுதுபவர்களாக நம் பிள்ளைகள் இந்தத் துறைக்குள் நுழைவார்கள்.